வெள்ளை வெளியே, எழுத்து உள்ளே

எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஆள் கையெழுத்தைத்தான். அது என் மகனுடைய கையெழுத்து.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். அதற்குள் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அவன் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மார்க் அட்டையைக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டான். அவன் அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவர், வெளியூர் போயிருந்தார். நான் கட்டைவிரலை மையில் வைக்கப் போனேன். பிள்ளை என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மானம் போனது. அட்டையை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று முதல் அவன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து நானும் எழுதினேன். அவன் எழுத்து உருண்டையாக, ஒன்றோடொன்று முட்டாமல், கோர்த்த பூ மாதிரி இருக்கும். எனக்கு எழுத்து என்றால் அதுதான். அச்சடித்த எழுத்தைக் கண்டால் இன்றைக்கும் விரல் வைத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் போர்டைக்கூடப் பத்து எண்ணுகிற நேரம் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் போன பிறகு நான் கவர் ஒட்டிப் பிழைத்தேன். பலசரக்குக் கடையில் பருப்பும் மல்லியும் போட்டுக் கொடுக்கிற காகிதக் கவர். பேட்டையைத் தாண்டி, ஆற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே எங்கள் ஊர். கால்கிலோ, அரைக்கிலோ, ஒரு கிலோ என்று மூன்று அளவு. மைதா மாவைக் கிண்டித் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. தாள்களைப் படிப்படியாகத் தள்ளி அடுக்கி, ஓரத்தில் ஒரே இழுப்பாகப் பசை தடவி, மடித்து, அடியைத் திருப்பி ஒட்டுவேன். என் கவரில் அடி பிய்ந்தது என்று ஒரு கடைக்காரர் சொல்லட்டும் பார்ப்போம். திருநெல்வேலி டவுனில் ஆறு கடைக்கு நான்தான் போட்டேன். மற்ற பெண்கள் பழைய பேப்பரில் ஒட்டுவார்கள். நான் ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளாக எடுத்து, எழுத்து உள்ளே போக, வெள்ளை வெளியே தெரிய ஒட்டுவேன். வாங்குகிறவர்கள் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும். கடை அண்ணாச்சிமார் அதற்காகவே என் கவரைக் கேட்டு வாங்குவார்கள்.

அந்தத் தாள்களைக் கொண்டுவருவது என் மகன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. மெழுகு பூசின ஸ்டென்சில் தாளில் கூர்முனை வைத்து எழுதி, உருளையில் மாட்டிச் சுற்றினால் நூறு நூறாக நகல் வரும். எழுத்து அழகாக இருந்ததால் ஸ்டென்சில் எழுதுகிற வேலை முழுக்க அவனிடமே வந்தது. பரீட்சைக் கேள்வித்தாள், கோயில் கொடை நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. மிஷினில் முதலில் வருகிற தாள்களில் மை அப்பியிருக்கும், சாய்ந்து விழுந்திருக்கும். அவற்றைக் கழித்துவிடுவார்கள். கழிந்ததையெல்லாம் கட்டிச் சைக்கிளில் வைத்து எனக்குக் கொண்டுவருவான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் எல்லாம் கலவரம். இந்தத் தெரு, அந்தத் தெரு என்று ஆனது. எந்தத் தெரு எங்களுடையது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் என் பக்கம் வருவார்கள், பாதிப் பேர் எழுந்து போவார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒட்டின கவரைக் கட்டி டவுனுக்குக் கொண்டுபோவேன். காலை பத்து மணிக்கு ஒரு பஸ் வரும். அதில் ஒரு கண்டக்டர் தம்பி. இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். வாய் ஓயாது அவனுக்கு.

"யக்கா, இம்புட்டுப் பெரிய கட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்லா?"

"தாளுக்கு எதுக்குடே டிக்கெட்டு? நீ கிழிக்கதும் தாளுதான. உனக்கு யாரு டிக்கெட் போடுதா?"

"இந்த வாயிக்கே உங்கள இறக்கி விட்டுரணும்."

"இறக்குவே. நாளைக்கு உம் பொண்டாட்டி கடைக்குப் போயி முந்தானையில பருப்ப வாங்கிட்டு வரட்டும்."

பஸ் முழுக்கச் சிரிக்கும். அவன் ஒருநாளும் லக்கேஜ் டிக்கெட் போட்டதில்லை. கட்டை அவனே வாங்கித் தன் சீட்டுக்குக் கீழே தள்ளிக்கொள்வான். அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பான். ஏலே, கவர் நசுங்கிரும் என்று நான் சத்தம் போடுவேன்.

அந்த வாரம் புதன்கிழமை மகன் கொண்டுவந்த கட்டு கொஞ்சம் பெரிது. "என்னலே, இம்புட்டுக் கழிஞ்சிருக்கு?" என்றேன். "மிஷின்ல மை சரியில்லம்மா" என்றான். கேள்வித்தாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை உட்கார்ந்து முழுவதையும் ஒட்டினேன். கவர் ஒட்டும்போது தாள் பக்கவாட்டில் கிடக்கும். வரிகள் எல்லாம் நட்டுக்குத்தலாக நிற்கும். என் கை ஒட்டும், கண் ரோட்டைப் பார்க்கும். அப்படித்தான் இத்தனை வருஷமும். இப்போது யோசித்தால், அவன் எழுத்து என் கைக்குக் கீழே நாள் முழுக்கக் கிடந்திருக்கிறது, நான் ஒரு தாளையாவது நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கட்டைக் கொண்டுபோனேன். தம்பி எப்போதும் போல வாங்கி வைத்தான், எப்போதும் போலக் கால் வைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கால்வாய்ப் பாலத்தில் அந்த பஸ்ஸை மறித்துக் கல் எறிந்தார்கள். யாரையோ தேடி வந்தவர்கள். பஸ்ஸுக்குள் தேடின ஆள் இல்லை. படியில் நின்று "எறியாதீங்கலே, பொம்பளேளு இருக்காவ" என்று கத்திய கண்டக்டருக்கு நெற்றிப்பொட்டில் விழுந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் போனான்.

நான் துட்டிக்குப் போனேன். அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரித் துணியில் பாவாடை கட்டியிருந்தன. சின்னது என்னிடம் வந்து, "கவர் ஆச்சியா?" என்று கேட்டது. தகப்பன் வீட்டில் போய் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான்.

அது கழிந்து இருபது நாள் இருக்கும், ஒரு டீச்சரம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பாளையங்கோட்டையில் காலேஜில் பாடம் நடத்துகிறவர்கள், ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் ஒரு துணிப் பை. அதற்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து, "அக்கா, இது நீங்க ஒட்டினதா?" என்று கேட்டார்கள். ஓரத்தைப் பிரித்துத் தட்டையாக்கியிருந்தார்கள். ஆனாலும் மடிப்பைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

"நாந்தான். ஏன், அடி பிஞ்சிட்டோ?"

"இல்ல, ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க. பிரிக்கவே அரைமணி நேரம் ஆச்சு."

எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு, எனக்கு வாசிக்க வராது என்று பேச்சோடு சொல்லிக்கொண்டே கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பையச் சொன்னார்கள். கலவரத்துக்கு முன்னால் ஒட்டுகிற போஸ்டர், ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற நோட்டீஸ், பேசிப் பதிந்து கைக்குக் கை போகிற கேசட், இதையெல்லாம் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போட்டு, எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது, எழுதியவர் யார் என்று மேலே குறித்து வைப்பார்கள்.

"எதுக்கு டீச்சர், இந்தக் குப்பைய?"

"வெறுப்பு எப்படி ஊர் ஊரா நடந்து போகுதுன்னு பாக்கணும் அக்கா."

"அதுக்கென்ன, காலா இருக்கு?"

டீச்சரம்மா சிரிக்கவில்லை. கவரைத் திருப்பி உள்பக்கத்தை என் முன்னால் வைத்தார்கள். "இது உங்க கவர்ல ஏறி வந்திருக்கு. துவரம்பருப்பு வாங்கினேன். கொட்டிட்டுப் பாத்தா உள்ள இது."

நான் நிமிர்த்திப் பிடித்தேன். வாய்விட்டு வாசித்தேன். நம் வீட்டுப் பெண் ஒருத்தியை அவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்று முதலில் இருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் இன்னும் என்னென்னவோ. கடைசியில் இப்படி இருந்தது: சனிக்கிழமை மாலை கால்வாய்ப் பாலத்தில் வந்து நில். வெறுங்கையோடு வராதே.

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் ஒரு எழுத்தையும் கூட்டவில்லை. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. தண்ணீர் மாதிரி வாசித்திருக்கிறேன்.

டீச்சரம்மா கேட்டார்கள்: "இந்தத் தாள் எங்கேருந்து வந்துச்சு அக்கா? யார் எழுத்துன்னு தெரியுமா?"

"பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்குதேன். எவன் எழுதுனான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். குரல் நடுங்கவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான்.

அவர்கள் பையிலிருந்து ஓர் உறையையும் பேனாவையும் எடுத்தார்கள். பிறகு உறையின் மேல் எழுதினார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டேன். 'எழுதியவர்: தெரியவில்லை' என்று வாசித்துக் காட்டினார்கள்.

அன்று மத்தியானமே மகன் சாப்பிட வந்தான். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏலே, பாலத்துக்கு வரச்சொல்லி நோட்டீஸ் எழுதுனது நீயா?"

கை சோற்றில் நின்றது. "நா எழுதலம்மா. நம்ம தெருக்காரவுக தாள்ல எழுதிட்டு வந்தாவ. நா ஸ்டென்சில்ல எடுத்துக் குடுத்தேன். அவ்ளோதான்."

"கையி யாருது?"

"எங்கையிதான். ஆனா சொன்னது அவுகதான?"

"எழுதும்போது வாசிச்சியா இல்லயா?"

தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"அந்தக் கண்டக்டர் செத்த அன்னைக்கு நீயுந்தானலே அழுத?"

"எறிஞ்சது நா இல்லம்மா. நா பாலத்துக்கே போகல."

"நீ போகல. உன் எழுத்து போச்சில்லா. என் கவருலயும் ஏறி, அவன் காலுக்கடியில இருந்து டவுனுக்குப் போச்சி."

அவன் எழுந்து கை கழுவப் போனான். நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒரே வார்த்தை அது. "இனி ஒன் எழுத்த எங்கண்ணால பாக்க மாட்டேன்" என்றேன்.

அடுத்த மாதமே பம்பாய்க்குப் போய்விட்டான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்தார். ரயிலேற்றக்கூட நான் போகவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்தேன் தெரியுமா? டிரங்குப் பெட்டியில் அவன் நோட்டுகள் எல்லாவற்றையும் வைத்திருந்தேன், மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. நான் எழுத்துப் படித்த நோட்டுகள். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கவராக ஒட்டினேன். அவை இரண்டு பக்கமும் எழுதியவை. வெள்ளையை வெளியே வைக்க வழியில்லை. கடை அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உம்ம கவரும் இப்பிடி ஆயிட்டு?" என்று கேட்டார். காசை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்தில் அத்தனையும் மிளகாயோடும் மல்லியோடும் போய்விட்டது.

பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. பிரித்தால் அவன் எழுத்து இல்லை. யாரோ கூட இருக்கிறவனை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறான். அடுத்ததும் அப்படித்தான். நான் ஆத்திரத்தில் சொன்னதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான். அந்தக் கோணல் எழுத்துகளை என்னால் வாசிக்க முடியாது. பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை. பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய் டீச்சரம்மாவிடம் கொடுப்பேன். அவர்கள் வாசிப்பார்கள். சுகம், வேலை இருக்கிறது, மழை அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள். கடைசியில் 'இதை எழுதியது இன்னார்' என்று வேறொருவன் பெயர் இருக்கும். ஏன் உங்கள் மகன் கையால் எழுதுவதில்லை என்று டீச்சரம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்காமலே இருந்தது எனக்குப் பாரமாக இருந்தது.

இப்படி நாலு வருஷம். ஒருநாள் கடிதம் வாசித்த பிறகு டீச்சரம்மா, "உங்களுக்கு ஒண்ணு காட்டணும் அக்கா. காட்டலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன்" என்றார்கள். பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் புதிதாகத் திறந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும், கோயில் மாதிரி. உள்ளே பலகை அடைத்த சின்னச் சின்ன அறைகள். ஒரு நாற்காலியில் நான், ஒரு ஸ்டூலில் அவர்கள். இப்போது இந்த வெறுப்பும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பழைய நோட்டீஸையெல்லாம் போட்டோ மாதிரி ஏற்றி வைக்கிறார்கள், ஆறின புண்ணைக் கிளறுகிறார்கள் என்று சொன்னார்கள். எனக்குப் பாதி புரிந்தது.

அந்தப் படம் ஒரேயடியாக வரவில்லை. மேலிருந்து ஒரு விரல் அகலம் வரும், நிற்கும். அப்புறம் இன்னொரு விரல். முதல் வரி முழுதாக வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மகன் எழுத்து.

வந்துகொண்டே இருந்தது. நம் வீட்டுப் பெண் ஒருத்தியை. ஒவ்வொரு வரியாக. நான் அடுத்த வரிக்குக் காத்திருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். நாலு வருஷம் அவன் எழுத்தைப் பார்க்காத கண் அது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த உருண்டையை, அந்தச் சுழியை, வரி முடியும்போது லேசாக மேலே ஏறுகிற அந்தப் பழக்கத்தைப் பார்த்தது. ஒருத்தன் உயிரை வாங்கிய வரிகளை நான் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகப் போய்க் கண்ணாடியைத் தொட்டது. "ஆச்சி, ஸ்கிரீனத் தொடாதீங்க" என்று கடைக்காரன் அங்கேயிருந்து சத்தம் போட்டான்.

வெறுங்கையோடு வராதே என்கிற வரியும் வந்தது. அப்போதுதான் எனக்கு அந்தச் சின்னப் பிள்ளை நினைவு வந்தது. கவர் ஆச்சியா?

"இத அழிக்க முடியாதா டீச்சர்?"

"இங்கேருந்து முடியாது அக்கா. வச்சவங்க எடுத்தாலும், அதுக்குள்ள எத்தனை பேர் எடுத்து வச்சிருப்பாங்களோ."

தாளாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் பருப்போடு போய்ச் சேர்ந்திருக்கும். என் கையே அதைப் போக்கியிருக்கும். இதை எந்தப் பசையைப் போட்டு மடிப்பேன்?

"டீச்சர், அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். இது எம் மவன் எழுத்து."

"தெரியும் அக்கா."

"எப்போ?"

"அன்னைக்கே. எனக்கு வாசிக்க வராதுன்னு சொல்லிக்கிட்டே காப்பி போட்டீங்க. அப்புறம் ஒரு இடத்துலகூட நிக்காம வாசிச்சீங்க."

"பொறவு ஏன் கேக்கல? போலீசுல சொல்லல?"

"பேரை வெளிய சொல்றது எங்க வேலை இல்ல. நீங்களா சொல்லணும்னு இருந்தேன்."

"இப்போ சொல்லிட்டேன்ல. அந்த உறையில எழுதுங்க."

"பேர் எழுத மாட்டேன். எழுதியவரின் தாய் அடையாளம் சொன்னார்னு மட்டும் எழுதுறேன்."

"அந்தத் தாய்தான் கவர் ஒட்டுனவளும். அதையும் சேத்து எழுதுங்க" என்றேன். அவர்கள் எழுதினார்கள். அவர்களுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. எனக்கு அழுகை வீட்டில் போய்த்தான் வந்தது.

அன்றைக்கே மகனுக்கு நானே கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம். பதினோரு வரி எழுத மூன்று நாள் ஆனது. எழுதிவிட்டுப் பார்த்தால் அது அவன் எழுத்தாகவே இருந்தது. வேறு எப்படி இருக்கும்? அவனைப் பார்த்துத்தானே நான் எழுதப் படித்தேன். நான் சொன்னது தப்பு, உன் கையால் எனக்கு எழுது என்று எழுதினேன். நீ எழுதிய நோட்டீஸ் அழியாமல் இருக்கிறது, நான் பார்த்தேன் என்று எழுதினேன். அந்தக் கண்டக்டர் தம்பி வீட்டுக்கு உன் கையால் ஒரே ஒரு வரி எழுதித் தா, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அந்தப் பிள்ளைகள் முகத்தில் விழிக்க எனக்கு வேறு வழியில்லை என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரர் ஒரு கவர் கொண்டுவந்தார். மேலே என் பெயர், தெரு, ஊர், திருநெல்வேலி. தூரத்தில் அவர் கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. உருண்டையாக, ஒன்றோடொன்று முட்டாமல். பேனா ஒன்றிரண்டு இடத்தில் நின்று நின்று போயிருந்தது. ஓரம் கிழியாமல், பசையைத் தண்ணீர் தொட்டுப் பைய உரித்துப் பிரித்தேன். உள்ளே ஒரு தாளை நாலாக மடித்து வைத்திருந்தான். விரித்தேன். திருப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. முன்னும் பின்னும் வெள்ளை.

கடைசி வரைக்கும் அந்த வரி வரவில்லை. அதற்குப் பிறகு அவன் அனுப்பியதெல்லாம் பழையபடி அடுத்தவன் எழுத்தில்தான். நானும் அந்த வீட்டுக்கு இன்று வரை போகவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கவர் என்னிடம் இருக்கிறது. கண் மங்கிவிட்டது. ஆனாலும் அதை எடுத்தால் விரல் வைக்காமல் வாசிக்கிறேன். என் பெயர், தெரு, ஊர், திருநெல்வேலி. உள்ளே இருக்கிற வெள்ளைத் தாளையும் வைத்திருக்கிறேன். அவன் எழுத வேண்டிய வரியை என்ன வார்த்தையில் எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் கையும் அவன் கை மாதிரியேதான் எழுதும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு மூன்று தடவை பேனாவைத் திறந்து அந்தத் தாளின்மேல் வைக்கப் போனேன். எழுதவில்லை. அது அவன் எழுத வேண்டியது.